செத்த சட்டத்துக்குச் சாவுச் சான்றிதழ்

வாசகர் கேள்வி, 2025 ஜனவரி 10

"2014-க்குப் பிறகு மத்திய அரசு 1,500-க்கும் மேற்பட்ட பழைய சட்டங்களை நீக்கியிருக்கிறது. வெள்ளைக்காரன் போட்டதை இத்தனை காலம் சுமந்ததே வெட்கக்கேடு. நூறு வயதைத் தாண்டிய சட்டம் எதுவானாலும் தானாகச் செத்துவிடும் என்று ஒரே வரியில் ஒரு சட்டம் போட்டால் வேலை முடிந்தது. ஏன் செய்யவில்லை? வக்கீல்கள் பிழைப்புக்காகவா?"

ஜனவரி 10, இரவு

வக்கீல்கள் பிழைப்பைப் பற்றி எனக்குத் தெரியும். மதுரையில் நாற்பத்து நான்கு ஆண்டுகள் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் ஒற்றை வரி நாளைக் காலை அமலுக்கு வந்தால் முதலில் சாவது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். பிறகு 1881-இன் மாற்றுமுறை ஆவணச் சட்டம். செக் திரும்பினால் வழக்குப் போடுவது அதன் கீழ்தான். 1882-இன் சொத்து மாற்றுச் சட்டம், 1908-இன் பதிவுச் சட்டம், அதே ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் எல்லாம் வரிசையாகச் சாயும். நீங்கள் வீடு வாங்கியிருந்தால் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். எந்தச் சட்டத்தின் கீழ் பதிந்தது என்று அதிலேயே இருக்கும்.

இன்னொன்று. ஒரு சட்டத்தை நீக்கினால் என்னென்ன விளைவு என்று சொல்வதே 1897-இன் பொது உட்பிரிவுகள் சட்டம்தான். அதற்கும் நூறு தாண்டிவிட்டது. பாடை கட்டுகிறவனையே முதலில் பாடையில் ஏற்றினால் மற்றவர்களை யார் தூக்குவது?

ஜனவரி 11

நேற்று கொஞ்சம் சூடாகிவிட்டேன். கேள்வியில் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை.

நான் 1979-இல் வேலைக்குச் சேர்ந்தபோது என் முதல் வேலை கட்டுத் தூக்குவதோ வாய்தா வாங்குவதோ இல்லை, ஒட்டுவது. திருத்தச் சீட்டுகள் வரும். ஒரு விரல் அகலத்தில் ஒரு காகிதம்: "இன்ன பிரிவில் இன்ன சொற்களுக்குப் பதிலாக இன்ன சொற்களை வாசிக்கவும்". அதைக் கத்தரித்து, கோந்து தடவி, புத்தகத்தில் அந்த இடத்துக்கு மேலே ஒட்ட வேண்டும். பத்து வருடப் புத்தகம் கோந்தில் ஊறி அப்பளக் கட்டு மாதிரி உப்பியிருக்கும். மழைக்காலத்தில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கரப்பான் பூச்சிக்குக் கோந்து என்றால் கொள்ளைப் பிரியம். அது திருத்தத்தைத் தின்றுவிட்டு மூலத்தை விட்டுவைக்கும்.

1984-இல் ஒரு வாடகை வழக்கில் நான் ஒட்டாமல் விட்ட சீட்டு ஒன்றால் என் சீனியர் இல்லாத வாசகத்தைப் படித்துக்கொண்டு நின்றார். எதிர்த்தரப்பு வக்கீல் இளைஞர். எழுந்து பணிவாக, "அண்ணன் வாசிப்பது போன வருடம் வரை சட்டமாக இருந்தது" என்றார். நீதிபதி உட்பட எல்லோரும் சிரித்தார்கள். சீனியர் என்னைத் திட்டவில்லை. சாயங்காலம் கோந்து பாட்டிலை என் மேஜையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அது போதாதா?

ஆகவே சட்டப் புத்தகம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று உங்களைவிட நான் ஆசைப்பட்டவன். என் சண்டை எண்ணிக்கையோடுதான்.

ஜனவரி 12

எண்ணிக்கைக்கு வருகிறேன். 1998-இலேயே ஜெயின் ஆணையம் ஏறக்குறைய 1,300 சட்டங்களை நீக்கச் சொன்னது. பெரும்பகுதி அலமாரியில் தூங்கியது. 2014-இல் ராமானுஜம் குழு 1,741 என்று கணக்கெடுத்தது. அதே ஆண்டு நீதிபதி ஏ.பி.ஷா தலைமையிலான சட்ட ஆணையம் தன் 248-ஆவது அறிக்கையைக் கொடுத்தது. பிறகுதான் அடுத்தடுத்து நீக்கல் சட்டங்கள் என்று வேகம் பிடித்தது. அதுவரை பாராட்டலாம்.

ஆனால் அந்த 1,500-ஐ உரித்துப் பாருங்கள். 2016-இல் ஒரே வீச்சில் போனவை 750-க்கும் மேற்பட்ட நிதி ஒதுக்கீட்டுச் சட்டங்கள். இன்ன ஆண்டுக்கு இன்ன துறைக்கு இவ்வளவு பணம் எடுத்துக்கொள்ளலாம் என்று நாடாளுமன்றம் கொடுத்த அனுமதி அது. ஆண்டு முடிந்ததும் அதற்கு உயிர் இல்லை. போன பொங்கலுக்கு ரேஷன் கடையில் கொடுத்த டோக்கனை இந்தப் பொங்கலுக்குக் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டைச் சுத்தம் செய்தேன் என்று சொல்வது போல.

மிச்சத்தில் பெரும்பங்கு திருத்தச் சட்டங்கள். அவை மூலச் சட்டத்துக்குள் போய்க் கலந்துவிட்டவை. திருத்தச் சட்டத்தை நீக்கினாலும் அது செய்த திருத்தம் அப்படியே நிற்கும் என்று பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 6ஏ பிரிவு சொல்கிறது. என் மொழியில் சொன்னால், சீட்டை ஒட்டியாயிற்று, சீட்டு வந்த உறையைக் குப்பையில் போடுகிறார்கள். போடட்டும், நல்லதுதான். அதற்கு மாலை மரியாதை வேண்டாம்.

ஜனவரி 12, மாலை

"அப்படியானால் உண்மையான சட்டம் ஒன்றுகூட நீக்கப்படவில்லையா" என்று கேட்டிருக்கிறீர்கள். நீக்கப்பட்டிருக்கிறது. 1898-இன் தொழுநோயாளர் சட்டம் 2016-இல் போனது. பிச்சையெடுக்கும் தொழுநோயாளியைப் பிடித்துக்கொண்டுபோய் அடைத்து வைக்கும் சட்டம். அதோடு வேலை முடியவில்லை. தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டலாம் என்ற வரி திருமணச் சட்டங்களில் 2019 வரை இருந்தது. மருந்து வந்து எத்தனையோ காலம் ஆனபின்னும் இருந்தது. இந்த ஒரு வரியை எடுத்ததற்கு, மேலே சொன்ன 750-ஐயும் தட்டில் வைத்தாலும் எடை சமமாகாது.

ஜனவரி 13

போகி. வீட்டில் பழைய காகிதம் எரிக்கக் கூடாது என்று மருமகள் தடை போட்டுவிட்டாள். என் திருத்தச் சீட்டுப் பெட்டி பிழைத்தது.

வயதானது எல்லாம் வீண் இல்லை என்பதற்கு ஒன்று: 1878-இன் புதையல் சட்டம். மண்ணுக்குள் மறைந்திருந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாகக் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. பத்து ரூபாய் என்று படித்ததும் எல்லோருக்கும் சிரிப்பு வரும், எனக்கும் வந்தது. இன்று ஒரு டீக்கே அதற்கு மேல் ஆகிறது. ஆனால் மீதியைப் படியுங்கள். உரிமை கோர யாரும் இல்லையென்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், கண்டெடுத்தவனுக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரனுக்குக் கால் பங்கு. அரசே எடுத்துக்கொள்ள நினைத்தால் உலோக மதிப்புக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்க வேண்டும். கடப்பாரை பிடித்தவனுக்கு நிலத்துக்காரனைவிட அதிகம் கொடுக்கும் சட்டத்தை வெள்ளைக்காரன் எழுதியிருக்கிறான்! 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் தோண்டியபோது 505 பொற்காசுகள் கிடைத்தன. அந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வது என்று சொல்ல ஒரு சட்டம் வேண்டாமா? பத்து ரூபாயைத் திருத்துங்கள், மற்றதை விடுங்கள்.

ஜனவரி 16

பொங்கலுக்கு ஊருக்குப் போய்வந்தேன். கண்மாய் நிறைந்து கிடக்கிறது. கரையில் உட்கார்ந்திருந்தபோது இந்த விவாதம்தான் மனதில் ஓடியது.

1858-இல் சென்னை மாகாணத்துக்கு ஒரு சட்டம் போட்டார்கள். அந்த ஆண்டின் முதல் சட்டம் அது. பெயரே கட்டாய உழைப்புச் சட்டம். வெள்ளத்தில் கரை உடையும் ஆபத்து இருந்தால் அக்கம்பக்கத்து ஆண்களை வேலைக்கு இழுக்கலாம். வழக்கப்படி ஊரார் சேர்ந்து செய்துவந்த வாய்க்கால், கண்மாய் வேலைக்கு ஒருவன் வராவிட்டால் அவன் பங்கு உழைப்பின் மதிப்பைப்போல் இரண்டு மடங்கு கட்ட வேண்டும். நம் குடிமராமத்துதான் இது, இங்கிலீஷ் உடையில்.

இதைச் சட்ட ஆணையம் நீக்க வேண்டியவற்றில் சேர்த்ததைப் படித்தபோது எனக்கு வருத்தமாகவே இருந்தது. என் தாத்தா சித்திரையில் வீட்டுக்கு ஓர் ஆள் என்று கூப்பிட்டு மடை சரிசெய்த கதையைச் சொல்வார். கரையில் நின்று அவர் குரல் கொடுத்தால் மூன்று தெரு கேட்குமாம். பொதுப்பணித் துறையிடம் போன பிறகு கண்மாய் யாருடையதும் இல்லை என்று ஆகிவிட்டது. 2017-இல் அரசே குடிமராமத்து என்ற அதே பெயரில் திட்டம் கொண்டுவந்தது, காசு கொடுத்து. வழக்கத்தைக் கொன்றுவிட்டுப் பெயரை மட்டும் ஏலத்தில் எடுத்த மாதிரி எனக்குத் தோன்றியது.

இந்தச் சட்டத்தை விட்டுவைத்திருக்கலாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதியும்விட்டேன். அப்படியே இருக்கட்டும்.

ஜனவரி 18

மேலே உள்ளதை அப்படியே இருக்கட்டும் என்றேன். இருக்க முடியவில்லை.

அதைப் படித்துவிட்டு எங்கள் ஊர்க்காரர் ஒருவர் போன் செய்தார். அவருடைய தாத்தா நீர்ப்பாய்ச்சி. எங்கள் கண்மாயின் மடையைத் திறந்து மூடியவர். "ஐயா, உங்கள் தாத்தா கரையில் நின்று கூப்பிட்டார், சரி. தண்ணீருக்குள் இறங்கியது யார்?" என்று கேட்டார். நான் பேசவில்லை. அவரே தொடர்ந்தார்: "வீட்டுக்கு ஓர் ஆள் என்பது உங்கள் தெருவுக்கு. உங்கள் தெருவில் ஆள் வராவிட்டால் எங்கள் தெருவிலிருந்து ஆள் அனுப்புவார்கள். எங்களுக்கு வராமல் இருக்கும் வழியே கிடையாது. வெள்ளம் வந்த ராத்திரி மடைக்குள் மூழ்கி அடைப்பை எடுத்ததில் எங்கள் பெரிய தாத்தா மேலே வரவில்லை. அது உங்கள் வீட்டுக் கதையில் வருமா?"

வராது. நான் கேட்டதே இல்லை.

"வழக்கப்படி" என்ற சொல்லை நாற்பது ஆண்டுகளாகச் சட்டத்தில் படித்தும் அதை எழுத்தாக மட்டுமே பார்த்திருக்கிறேன். வழக்கம் யாரை எங்கே நிறுத்தியிருந்ததோ அங்கேயே அந்த 1858 சட்டமும் நிறுத்தியது. அரசியலமைப்பின் 23-ஆவது கூறு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. பொதுக் காரியத்துக்காக அரசு கட்டாயப் பணி விதிக்கலாம் என்று அதே கூறு விதிவிலக்கும் கொடுக்கிறது. ஆனால் அதில் சாதி பார்க்கக் கூடாது என்று அங்கேயே எழுதி வைத்தார்கள். எழுதியவர்களுக்குக் கண்மாய்க் கரை தெரிந்திருக்கிறது.

16-ஆம் தேதிக் குறிப்பின் கடைசிப் பத்தியை வாபஸ் வாங்குகிறேன். அழிக்கவில்லை, கிடக்கட்டும், எனக்கே நினைவிருக்க வேண்டும்.

ஜனவரி 19

பட்டம் விடவும் விமானச் சட்டப்படி உரிமம் வேண்டுமாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம், 1934-இன் விமானச் சட்டம் விமானம் என்பதற்குள் பலூனையும் பட்டத்தையும் சேர்த்தே விளக்கம் சொன்னது. அதற்காகக் காசிமேட்டுப் பையன் யாரும் பைலட் உரிமம் வாங்கவில்லை. சென்னையில் மாஞ்சா நூலுக்குப் போலீஸ் தடை இருப்பது வேறு காரணத்துக்காக, கழுத்தை அறுக்கிறது. வேடிக்கைச் சட்டப் பட்டியல்களை ரசியுங்கள், நம்புவதற்கு முன் மூலத்தைப் படியுங்கள்.

ஜனவரி 21

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் கட்சிக்காரர்களோடு பழகியவன் என்பதால் இதை எழுதாமல் இருக்க முடியாது. குற்றப் பரம்பரைச் சட்டம். 1871-இல் வடக்கே தொடங்கி 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் அதன் பெயர் ரேகைச் சட்டம். பிறந்த சாதிக்காகக் கைரேகை வைக்க வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. இறந்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் உண்டு.

சென்னை மாகாணத்தில் 1947-இல் நீக்கினார்கள். நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31-இல் போனது. ஒரு சட்டம் நீக்கப்பட்ட நாளை மக்கள் வருடாவருடம் கொண்டாடுகிறார்கள் என்றால் அது இந்த ஒன்றுதான் என்று நினைக்கிறேன். 750 நிதி ஒதுக்கீட்டுச் சட்டங்கள் நீங்கிய நாளுக்கு எந்த ஊரில் பொங்கல் வைத்தார்கள்?

ஆனால் போன வேகத்தில் பின்வாசல் வழியாகத் திரும்பியும் வந்தது. 1948-லேயே சென்னையில் வழக்கக் குற்றவாளிகள் சட்டம் தயார். சாதிப் பெயர் எடுபட்டது, போலீஸ் நோட்டில் பழைய பெயர்கள் எடுபடவில்லை. 2024 அக்டோபரில்தான் உச்ச நீதிமன்றம் சிறைகளில் சாதி பார்ப்பது பற்றிய தீர்ப்பில் இந்தப் பழைய கள்ளையும் புதிய மொந்தையையும் சேர்த்துப் பேசியது.

சான்றிதழ் கூத்து தனி. அந்தச் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டவர்கள்தான் இன்று சீர்மரபினர். 1979-இல் தமிழ்நாட்டு அரசு இங்கிலீஷ் பெயரில் 'பழங்குடிகள்' என்பதைச் 'சமூகங்கள்' என்று மாற்றியது. மத்திய அரசுக்கோ பழைய பெயர் வேண்டும். நாற்பது ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2019-இல், மாநிலத்துக்கு ஒன்று, மத்திய அரசுக்கு ஒன்று என இரட்டைச் சான்றிதழ் கொடுத்தார்கள். 1952-இல் செத்த சட்டத்தின் பெயரில் தாலுகா ஆபீஸில் இன்னும் வரிசை நிற்கிறது.

ஜனவரி 21, சற்று நேரம் கழித்து

மத்திய அரசின் எண்ணிக்கையையே பேசிக்கொண்டிருந்துவிட்டேன். மாநிலச் சட்டங்கள் தனிக் கணக்கு. அவற்றை மாநிலங்கள்தான் நீக்க வேண்டும். 1876-இன் நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தை டில்லி ஒருவழியாக நீக்கியது. ஆனால் 1954-இல் சென்னை மாநிலம் தனக்கென்று ஒன்று செய்துகொண்டதே! எம்.ஆர்.ராதாவின் நாடகங்களுக்காகவே வந்த சட்டம் என்று அந்தக் காலத்து ஆட்கள் சொல்வார்கள். நாடகக்காரர் பிரதியை முன்கூட்டியே கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஞாநி போட்ட வழக்கில்தான் 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்றது. சட்டமன்றம் செய்ய வேண்டியதை ஒரு நாடகக்காரர் நீதிமன்றப் படியேறிச் செய்தார்.

ஜனவரி 24

இப்போது என் உண்மையான புகார். செத்த சட்டத்தைப் புத்தகத்திலிருந்து எடுப்பது சுலபம், ஆபீஸ் கையிலிருந்து எடுப்பது கடினம்.

இணையத்தில் புண்படுத்தும் செய்தி போட்டால் சிறை என்ற, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-ஆம் தேதி செல்லாது என்றது. அது காலாவதியான பிரிவு இல்லை, இளம் வயதில் செத்தது. 2021-இல் பார்த்தால் போலீஸ் இன்னும் அந்தப் பிரிவில் வழக்குப் பதிந்துகொண்டிருந்தது. நீதிமன்றமே அதிர்ச்சி என்றது. 2022 அக்டோபரில் மறுபடி உத்தரவு போட்டது. காரணம் சதி ஒன்றும் இல்லை. புத்தகத்தில் அந்தப் பிரிவு அச்சாகியே இருக்கிறது. செத்துவிட்டது என்பது அடிக்குறிப்பில். ஏட்டையா அடிக்குறிப்பு படிப்பதில்லை. திருத்தச் சீட்டு ஒட்டியவனாகச் சொல்கிறேன், அந்தப் பிரிவின் மேலேயே கறுப்பு மையில் ஒரு கோடு போட்டிருந்தால் பாதி வழக்கு வந்திருக்காது.

பயன்படுத்தாமலே கிடக்கும் சட்டம் தானாகச் சாகுமா என்றும் கேட்டிருந்தீர்கள். புனே மாநகராட்சிக்கும் பாரத் ஃபோர்ஜுக்கும் நடந்த வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம், நெடுங்காலம் பயன்பாட்டில் இல்லாமலும் அதற்கு மாறான நடைமுறை நிலைபெற்றும் இருந்தால் சட்டம் வழக்கொழிந்ததாகக் கொள்ளலாம் என்றது. உங்கள் நூறு வயது யோசனைக்கு இதுதான் மிக அருகில் வருவது. ஆனால் அதை நிரூபிக்க நீங்கள் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டும். அங்கேதான் வக்கீல் பிழைப்பு.

போன வருடம் ஓர் அலுவலகத்துக்குப் பேரனின் சான்றிதழ் நகலோடு போனேன். சுயகையெழுத்து போதும் என்று 2014-லேயே மத்திய அரசு சொல்லியாயிற்று. கவுன்டரில் இருந்த அம்மா, "பச்சை மை இல்லையே" என்றார். நான் விதியைச் சொன்னேன். "விதி இருக்கட்டும் சார், படிவத்தில் கட்டம் இருக்கிறதே" என்று காட்டினார். கட்டம் இருந்தது. கட்டத்தை நீக்க எந்த நாடாளுமன்றத்துக்கு எழுதுவது? தெரிந்த ஹெட்மாஸ்டர் வீட்டுக்குப் போய்ப் பச்சை மையோடு திரும்பினேன்.

ஜனவரி 25

ஒரு திருத்தம், நானே கண்டுபிடித்தது. 10-ஆம் தேதி "சாவது, சாயும்" என்று எழுதியதில் நீக்கினால் உடனே எல்லாம் போய்விடும் என்ற தொனி வந்துவிட்டது. அப்படி இல்லை. நீக்கிய சட்டத்தின் கீழ் ஏற்கெனவே உண்டான உரிமை, கடமை, தண்டனை நிற்கும். அதே 1897 சட்டத்தின் 6-ஆவது பிரிவு. 1960-இன் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22-இல் போனது. அதற்கு முன் போட்ட வழக்குகள் பழைய சட்டத்திலேயே ஓடின. இந்திய தண்டனைச் சட்டம் 2024 ஜூலை 1-இல் போனது, அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. ஜூன் 30 ராத்திரி பதினோரு மணிக்குத் திருடியவனுக்கு 379, நள்ளிரவு தாண்டித் திருடியவனுக்கு 303. திருடன் கடிகாரம் கட்டியிருந்தானா என்று குறுக்கு விசாரணை செய்ய வேண்டும்.

ஜனவரி 25, இரவு

மோசடிக்கு இப்போது 318. ஆனால் தெருவில் ஒருவனை "முந்நூற்றுப் பதினெட்டு" என்று திட்டிப் பாருங்கள், பஸ் நம்பர் என்று நினைத்துக்கொள்வான். நானூற்று இருபதை எந்தக் கெஜட்டும் நீக்க முடியாது. கூட்டம் கூடத் தடை என்றால் பத்திரிகைகளும் புதிய எண் 163 என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் 144 என்று விளக்கம் கொடுக்கின்றன.

பிப்ரவரி 2

இங்கிலாந்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அங்கே 1965-இலிருந்து சட்ட ஆணையம் இதை நிரந்தர வேலையாகச் செய்கிறது. கொண்டாட்டம் இல்லாமல், வரிவரியாக. ஒவ்வொரு சட்டத்தையும் நீக்குவதற்கு முன் அதனால் பாதிக்கப்படக்கூடியவர் யாராவது இருக்கிறார்களா என்று தேடிக் கேட்கிறார்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது. 2013-இல் அவர்கள் நீக்கிய 800-க்கும் மேற்பட்ட சட்டங்களில் 38 நம் பக்கத்து ரயில் கம்பெனிகளுக்காக லண்டனில் போட்டவை. நாம் சுதந்திரம் வாங்கி அறுபத்தாறு ஆண்டுகள் கழித்து அவர்கள் பீரோவில் நம் ரயில் கிடந்திருக்கிறது. ஆகவே வெட்கக்கேடு என்று பார்த்தால் இரு தரப்புக்கும் பொது.

பாதிக்கப்படக்கூடியவரைத் தேடிக் கேட்பது என்று எழுதியதும் நீர்ப்பாய்ச்சி வீட்டுப் பேரன் நினைவுக்கு வந்தார். அவர் போன் செய்திருக்காவிட்டால் நான் 16-ஆம் தேதிக் குறிப்போடு நின்றிருப்பேன்.

பிப்ரவரி 9

திருத்தச் சீட்டுப் பெட்டி என்ன ஆனது என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். என் சீனியரின் பேத்தி இப்போது ஜூனியர் வக்கீல். வந்து எடுத்துப்போனாள். எல்லாம் கணினியில் இருக்கிறதே, எதற்கு என்று கேட்டேன். கணினியில் இப்போதைய வாசகம்தான் கிடைக்கிறது தாத்தா, 1984-இல் என்ன இருந்தது என்று பார்க்க இதுதான் வேண்டும் என்றாள். ஒரு பழைய வாடகை வழக்கு அப்பீலில் இருக்கிறதாம்.

அந்தச் சீட்டு மட்டும் பெட்டியில் இருக்காது என்று நான் சொல்லவில்லை.